சிவப்பு எந்தப் பக்கம்

அத்தை வீட்டை விட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை. எங்கள் பகுதியில் வியாழக்கிழமை பகல் முழுக்க மின்சாரம் இருக்காது. பட்டறையில் வெல்டிங்கும் ஓடாது, கிரைண்டரும் ஓடாது. ஆட்கள் வாசலில் நிழல் பார்த்து உட்கார்ந்து கதையளந்துகொண்டிருப்பார்கள். வேறு கிழமையில் போயிருந்தால் அந்தச் சத்தத்தில் யாரும் தலை நிமிர்ந்திருக்க மாட்டார்கள். கிழமையைத் தேர்ந்தெடுத்தவர் அப்பா. "வியாழக்கிழமை போ. எல்லாரும் பாக்கட்டும்" என்று முதல் நாள் சாப்பாடு முடிந்ததுமே சொல்லிவிட்டார்.

கீழே பட்டறை, மேலே வீடு. வெளியே போக வேண்டுமென்றால் பட்டறைக்குள் நடந்துதான் போக வேண்டும். சாயங்காலம் வேலை முடிந்து போகிற ஆட்களின் பையை அப்பா வாசலில் திறந்து பார்ப்பார். செம்புக் கம்பி காணாமல் போய்க்கொண்டிருந்த காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. அன்றைக்குக் கூடப்பிறந்த தங்கையின் பைக்கு முன்னால் போய் நின்றார்.

"பையைத் திற."

"அண்ணா, பை இருக்கட்டும். ஒரே ஒரு வார்த்தை. ஓவன் பக்கத்துல ஒயரைக் கட்டினது நான் இல்லன்னு இவங்க முன்னாடி சொல்லிடு. அப்புறம் நான் இந்தத் தெருப் பக்கமே வரமாட்டேன்."

"பையைத் திறன்னு சொன்னேன்."

திறந்தாள். நாலைந்து துணிகள், சீப்பு, கல்லூரிப் புத்தகங்கள், ஒரு துண்டுக்குள் சுற்றிய நீளமான கண்ணாடித் தெர்மாமீட்டர். அப்பா அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது பட்டறை சாமான்."

"படிச்சு முடிச்சப்போ நம்ம அப்பா எனக்கு வாங்கிக் குடுத்தது அண்ணா."

"பட்டறை யாரோடது? அப்பாவோடது. அவர் வாங்கினது எல்லாம் பட்டறை சாமான்தான்."

அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, பட்டறையில் ஃபிட்டர். "மச்சான் வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்று சிரித்தார். முதலாளியின் மச்சினன் சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள். அப்பா தெர்மாமீட்டரைப் பேனா மாதிரி சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அத்தை பையை மூடப் பார்த்தாள். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. அத்தனை பேர் இருந்தார்கள், ஒருவரும் எழுந்து வரவில்லை. பையின் வாயைக் கையால் பொத்திப் பிடித்தபடி நடந்து போனாள்.

நான் மாடிப்படியில் நின்றிருந்தேன், பள்ளி விடுமுறை. "உள்ள வாடி. வேடிக்கை பாக்க இது என்ன சர்க்கஸா?" என்று அம்மா என்னைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட அம்மா ஜன்னலோரம் நின்று, தெருமுனை வரை பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள்.

*

பட்டறையில் அத்தையை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'டிகிரி' என்பார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் டிகிரி வாங்கியவள் அவள். வாங்கி வந்த பிறகும் காலையிலிருந்து சாயங்காலம் வரை டிகிரி டிகிரி என்றே பேசிக்கொண்டிருந்தவளும் அவள்தான். ஒருமுறை சோதனைக்காக யாரோ ஒருவரின் டீக்குள் சூடு பார்க்கிற சென்சாரை விட்டுவிட்டாள். அதிலிருந்து அவள் வந்தாலே "டிகிரி வருது, கிளாசை மூடு" என்று ஒரு குரல் கிளம்பும். அவளும் சிரிப்பாள். அப்போதெல்லாம் அவளுக்குச் சிரிக்க வரும்.

எங்கள் பட்டறையில் ஓவன் செய்தார்கள். ரொட்டி சுடுகிற ஓவன் அல்ல. பெயிண்ட் பொடி தூவிய இரும்புச் சாமான்களை உள்ளே தொங்கவிட்டு, பொடி உருகிப் பிடித்துக்கொள்ளும்வரை சுடுகிற, ஒரு அறை அளவுக்கு இருக்கும் பெட்டி. தகடு, பஞ்சு, ஹீட்டர், ஃபேன் எல்லாம் அப்பா பொறுப்பு. ஓவனின் மூளை மட்டும் அத்தையின் பொறுப்பு: எவ்வளவு சூடு என்று பார்த்து ஹீட்டரை ஏற்றி இறக்குகிற பேனல்.

இருவரும் சண்டை போட்டே ஓவன் செய்தார்கள். சென்சாரைக் கதவோரம் வைத்தால் வேலை சுளுவாக முடியும் என்பார் அப்பா. "கதவு திறக்கறப்பல்லாம் அது குளிர்னு நினைச்சுக்கும். காத்து சுத்தித் திரும்பி வர்ற இடத்துல வை அண்ணா" என்பாள் அத்தை. ஒவ்வொரு சென்சாரையும் முதலில் ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீரில் விடுவாள். ஐஸ் நொறுங்கலாக இருக்க வேண்டும், தண்ணீர் அதன் இடுக்கில் மட்டும் நிற்க வேண்டும், கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பூஜ்யம் காட்டினால் சரி. இல்லாவிட்டால் தூர வைத்துவிடுவாள். "டிகிரி ஜூஸ் போடுது" என்பார் மாமா.

பேனலில் இருக்கிற கண்ட்ரோலரை மட்டும் நம்பக்கூடாது என்பது அவள் பிடிவாதம். அது பைத்தியம் பிடித்து ஏற்றிக்கொண்டே போனால் மொத்த மின்சாரத்தையும் வெட்டிவிட இரண்டாவதாக ஒரு காவல் வேண்டும். அதற்கென்று தனி சென்சார், தனி ஒயர். "ஒரே ஒயர்ல ரெண்டையும் குடுத்தா, அது பொய் சொன்னா ரெண்டும் சேந்து நம்பிடும்" என்று கரடியாய்க் கத்துவாள். அப்பா தலையாட்டுவார். அவர் தலையாட்டினால் செய்யப் போவதில்லை என்று அர்த்தம்.

அந்த வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டில் செய்கிற ஒரு தொழிற்சாலையிலிருந்து பெரிய ஓவனுக்கு ஆர்டர் வந்தது. ஓவனிலிருந்து பேனலுக்கு ஒயர் இழுக்க வெளிநாட்டுச் சுருள் ஒன்றை வாங்கி வந்தார்கள். இது சாதாரண ஒயர் இல்லை. சென்சார் என்பது இரண்டு விதமான உலோகக் கம்பிகளை நுனியில் சேர்த்தது, தெர்மோகப்பிள் என்பார்கள். அதை நீட்டிக்கொண்டு போகிற ஒயரிலும் அதே இரண்டு உலோகங்கள்தான் இருக்க வேண்டும், எது பிளஸ் எது மைனஸ் என்பது மாறக்கூடாது. பேட்டரியைத் தொட்ட நாளிலிருந்து எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் சிவப்பு என்றால் பிளஸ். அந்தச் சுருளில் சிவப்பு மைனஸ். சில நாடுகளில் அப்படித்தான் நிறம் வைப்பார்கள்.

அத்தை சுருளின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். பேனலில் தன் பக்க முனையைச் சரியாக, சிவப்பை மைனஸில் கட்டினாள். ஓவன் பக்க முனையைத் தொழிற்சாலையில்தான் கட்ட வேண்டும். "நானும் வரேன் அண்ணா" என்றாள்.

"அங்க அவ்வளவு ஆம்பளைங்க நடுவுல நீ எதுக்கு? பேனலைச் செஞ்சுட்டே இல்ல, அது போதும்."

அப்பாவும் மாமாவும் போனார்கள்.

அங்கே நடந்ததை ரொம்ப வருஷம் கழித்துத்தான் கேட்டேன், மாமா வாயாலேயே. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் அதைச் சிரிப்புக் கதையாகச் சொன்னார். "நான் டார்ச் புடிச்சேன், மச்சான் ஓவன் பக்கம் சிவப்பைப் பிளஸ்ல போட்டாரு. ஆன் பண்ணினா சூடு ஏற ஏற நம்பர் கீழ போகுது! ஓவனா ஃபிரிட்ஜான்னு கேட்டேன். டிகிரிக்கு ஒரு போன் போடலாமேன்னேன். 'ஒயர் கட்டறதுக்கு வீட்டுப் பொண்ணுகிட்ட பாடம் கேக்கணுமா'ன்னு, பேனலைத் திறந்து அங்கயும் மாத்திப் போட்டாரு. நம்பர் ஜம்முனு மேல போச்சு. நேராயிடுச்சு மச்சான்னு நான்தான் கை தட்டினேன்."

ஒரு பக்கம் தப்பானதை மறுபக்கமும் தப்பாக்கிச் சரிசெய்தார்கள். அப்படிச் செய்தால் கருவி ஒழுங்காக வேலை செய்வது மாதிரியே இருக்கும். ஓவன் சுவரில் இருக்கிற இணைப்புப் பெட்டியும் பேனலும் ஒரே சூட்டில் இருக்கும்வரை நம்பர் சரியாகவே வரும். அவர்கள் சோதித்தது குளுமையான ஒரு காலை நேரம், கொஞ்ச நேரம்தான் ஓட்டினார்கள். அந்தப் பெட்டி பேனலைவிட எவ்வளவு அதிகமாகச் சூடாகிறதோ, அதன் இரண்டு மடங்கைக் கருவி கழித்துக் காட்டும். குறைவாக இருக்கிறது என்று நினைத்து ஹீட்டரை இன்னும் ஏற்றும். சுவர் இன்னும் சூடாகும், பெட்டியும் சூடாகும், கருவி இன்னும் கழிக்கும். அத்தை தனியாகக் கேட்டிருந்த இரண்டாவது காவலையும் அப்பா அதே ஒயரில் கொடுத்திருந்தார். இரண்டும் சேர்ந்து நம்பின.

முதல் சில நாள் அங்கே அரைகுறையாகத்தான் ஓட்டினார்கள். பிறகு ஒரு நாள் காலையிலிருந்து ஓவனை நிறுத்தாமல் கட்டில் கட்டிலாகத் தள்ளினார்கள். வெள்ளைக் கட்டில்கள் மஞ்சளாக வருகின்றன என்று மத்தியானம் போன் வந்தது. "அது பெயிண்ட் கோளாறு" என்றார் அப்பா. பக்கத்தில் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்த அத்தை தலை நிமிர்ந்தாள்.

"நம்பர் எவ்வளவு காட்டுதாம்?"

"சரியாத்தான் காட்டுதாம்."

"நம்பர் சரி, கட்டில் மஞ்சளா? அந்த இணைப்புப் பெட்டி மேல கைய வச்சுப் பாக்கச் சொல்லு அண்ணா. கை வைக்க முடியலன்னா உடனே அணைக்கச் சொல்லு."

அப்பா போனை வைத்துவிட்டார்.

அங்கே கட்டில்களைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிடுகிற ஒருவர் இருந்தார். அதனால் அவர் பெயரே கொக்கி. கதவிடுக்கில் புகை வருவதைப் பார்த்துவிட்டு அவர்தான் கதவைத் திறந்தார். உள்ளே கருகிக் கிடந்த பெயிண்டின் ஆவி, வெளிக்காற்று பட்டதும் தீயாகப் பாய்ந்தது. முகத்துக்குக் கையை மறைப்பாக வைத்ததால் கண் தப்பியது. கை தப்பவில்லை.

*

விசாரிக்க வந்தவர் தொழிற்சாலையின் இன்ஜினியர். மரியாதையாகப் பேசுகிற மனிதர். ஓவன் பக்கத்துப் பெட்டி உருகிப்போயிருந்தது, அதில் பார்க்க ஒன்றும் இல்லை. பேனலைக் கழற்றி எங்கள் பட்டறைக்கே கொண்டுவந்து மேஜையில் வைத்துத் திறந்தார். சிவப்பு ஒயர் பிளஸில் இருந்தது. சுருளின் மேல் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துக் கையில் வைத்திருந்தார்.

"இந்தப் பேனல் யார் செஞ்சது?"

"என் தங்கச்சி" என்றார் அப்பா.

அத்தை குனிந்து பார்த்தாள். ஒயர் முனையில் அவள் போடுகிற மடிப்பு இல்லை, ஸ்குரூ தலை நசுங்கியிருந்தது. அவளுக்கு அந்த நிமிஷமே புரிந்திருக்க வேண்டும். ஆனால் அவள் அண்ணன் மேல் பழி சொல்லவில்லை. ஒயரைப் பற்றி மட்டும் பேசினாள்.

"சார், இந்தப் பக்கம் மட்டும் மாறியிருந்தா, சூடு ஏறும்போது ரீடிங் கீழ போயிருக்கும். முதல் நாளே கண்டுபிடிச்சிருப்பாங்க. ரீடிங் மேல போயிருக்குன்னா ரெண்டு முனையிலயும் மாறியிருக்கணும். ஓவன் முனையிலயும்."

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுப் பார்த்தார். "நீங்க சொல்றது சரி" என்றார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "ஓவன் முனையைக் கட்டினது யாரு?"

அத்தை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். பட்டறையே பார்த்தது. அவள் அந்தத் தொழிற்சாலை வாசலைக்கூட மிதித்ததில்லை என்று அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

"அவதான்" என்றார் அப்பா. "ரெண்டு முனையும் அவதான்."

இன்ஜினியர் மாமாவைப் பார்த்தார். மாமா தரையில் கிடந்த ஒரு நட்டைக் காலால் உருட்டிக்கொண்டே, "ஆமா சார். ஒயர் சமாச்சாரம் எல்லாம் டிகிரிதான் பாத்துக்கும்" என்றார்.

ரெண்டு முனையும் மாறியிருக்கிறது என்று நிரூபித்தவள் அவள். அந்த நிரூபணத்தை எடுத்து அவள் கழுத்திலேயே மாட்டிவிட்டார்கள். இன்ஜினியர் அவளைப் பார்த்து வருத்தத்தோடு தலையசைத்தார். "இவ்வளவு தெரிஞ்சும் எப்படிம்மா?" என்றார்.

மறுநாள் அப்பா அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மன்னிப்புக் கேட்டால் தொழிற்சாலைக்காரர்கள் மேற்கொண்டு போகமாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நானும் கூடப் போனேன். வீட்டில் விட்டுவிட்டுப் போக அன்று ஆள் இல்லை. கட்டிலில் கொக்கி படுத்திருந்தார். முகத்தில் பாதி துணி, இரண்டு கையும் துணி. பக்கத்தில் ஸ்டூலில் அவர் மனைவி.

"இவதான்" என்றார் அப்பா, கல்யாணத்துக்குப் பெண் காட்டுகிற மாதிரி.

அத்தை "ரொம்ப வலிக்குதாங்க?" என்று கேட்டாள். அந்த அம்மா எழுந்து வந்தார். "கையைக் காட்டு" என்றார். அத்தை நீட்டினாள். அந்த அம்மா இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை, புறங்கை, ஒவ்வொரு விரலாக. "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, பிடித்திருந்த கையைக் கீழே போட்டார். அப்படித்தான் சொல்ல வேண்டும், போட்டார். பிறகு ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கொக்கி உயிர் பிழைத்தார். விரல்கள் உள்பக்கமாக மடங்கி அப்படியே நின்றுவிட்டன. "இப்பத்தான் பேருக்கேத்த கை" என்று மாமா பட்டறையில் சொன்னாராம். சிரித்தார்களாம்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வாரம் முழுக்க அத்தை சாப்பாட்டு மேஜைக்கு வந்தாள், உட்கார்ந்தாள், இரண்டு வாய் சாப்பிட்டாள், எழுந்து போனாள். "ஒரு மனுஷனைச் சுட்டுட்டு எப்படித்தான் சாப்பாடு இறங்குதோ" என்று அம்மா பாத்திரத்திடம் சொல்வாள். மாமா தன் தட்டைத் தொட்டுப் பார்த்து, "அக்கா, ஆறிப்போச்சு. டிகிரியைக் கூப்பிட்டு சூடு பண்ணச் சொல்லு. ஆனா கதவைத் திறந்துடாத" என்பார்.

புதன்கிழமை அவள் கேட்டாள். "அண்ணா, வெளியில சொல்ல வேணாம். அந்த இன்ஜினியர்கிட்டகூட வேணாம். இந்த வீட்டுக்குள்ள, பட்டறை ஆளுங்க முன்னாடி, ஒரு தடவை சொல்லு. நான் கட்டலைன்னு. அது போதும்."

அப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தார். கோபமே இல்லை. "சொன்னா அது வெளியில போகும். போனா பட்டறையை மூடணும். நீ போனா இந்த வீட்டுல ஒரு தட்டு குறையும். எது சுலபம்னு நீயே சொல்லு. நீதான் கணக்குல கெட்டிக்காரியாச்சே."

அதற்குப் பிறகுதான் கிழமையைச் சொன்னார்.

*

வேறு ஊருக்குப் போனாள். ஓவன் செய்கிற ஊரெல்லாம் ஒரே குடும்பம் மாதிரி, செய்தி அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. "அந்தக் கட்டில் கம்பெனி கேஸ்... நீங்களா?" என்று கேட்டுவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். டீ வாங்கிக் கொடுக்காமலும் அனுப்பினார்கள். கடைசியில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை ஒன்றின் பின்கட்டில் வேலை கிடைத்தது. சூட்டிலிருந்து குளிருக்கு மாறினாள். குளிர் அறைகளுக்கு, மருந்து வைக்கிற பெட்டிகளுக்கு, சூடு ஏறினால் மணியடிக்கிற சின்னக் கருவிகள் செய்ய ஆரம்பித்தாள். கடைக்காரர் இறந்த பிறகு கடை அவள் கைக்கு வந்தது.

மாமா அந்த டார்ச் கதையைச் சொன்ன அன்று நான் கல்லூரி முடித்திருந்தேன். சோற்றில் கை வைத்தபடி அப்பாவிடம் கேட்டேன். "அப்போ கட்டினது நீங்கதானா?"

அப்பா நிமிரவே இல்லை. "உன் படிப்பு இந்தப் பட்டறையிலிருந்து வந்தது. வாயை மூடிச் சாப்பிடு."

"அத்தை மேல ஏன்பா போட்டீங்க?"

"சிவப்பு மைனஸ்னு அவளுக்குத் தெரியும் இல்ல? எனக்குச் சொன்னாளா? தெரிஞ்சவ சொல்லலைன்னா தப்பு யாரோடது?"

அவர் நடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அதை அவர் நம்பவே தொடங்கியிருந்தார். அந்த மாதமே நான் பெட்டி கட்டினேன். போன இடங்களைப் பற்றி வேறு எங்காவது எழுதலாம். திரும்பி வந்தபோது நேரே அத்தையிடம் போனேன்.

அவள் மாறியிருந்தாள். ஒல்லியாக, நரையாக, குரல் மட்டும் பெரிதாக. நாக்கு சால்டரிங் அயர்னைவிடச் சூடு.

"வாடி. ஊர் சுத்தி முடிச்சாச்சா? தேஞ்சது செருப்பா மூளையா?"

அவளிடம் மூன்று பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு அவள் தெய்வமெல்லாம் இல்லை. பயந்தார்கள், முதுகுக்குப் பின்னால் அவளைப் போலவே பேசிக் காட்டினார்கள். நான் போன அன்றே ஒருத்தி ஒயரின் நிறத்தைப் பார்த்துக் கட்டிவிட்டாள். அத்தை அந்த இணைப்பை வெட்டி எறிந்து, ஒயரின் இரண்டு கம்பிகளோடு ஒரு சின்னக் காந்தத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எது ஒட்டுது?"

"இது... இதுதான் அக்கா."

"லேசா ஒட்டறது மைனஸ். நிறத்தை எவன் வேணாலும் பூசலாம். ஒருத்தன் கை போகும்டி, உன் கை இல்ல. எவனோ ஒருத்தனோட கை. இன்னிக்குப் பூரா ஐஸ் நொறுக்கு."

அந்தப் பெண் விரல் மரத்துப்போய் அழுதுகொண்டே ஐஸ் நொறுக்கினாள். நான் "பாவம் அத்தை, விடு" என்றேன். "பாவமா? எனக்கு யாரு பாவம் பாத்தா?" என்றாள். அதில் நியாயம் இல்லை. அவளுக்கும் அது தெரிந்தது. ஆனாலும் விடவில்லை.

மாமா சொன்ன கதையை அவளிடம் சொன்னேன். டார்ச், கை தட்டல், எல்லாம். கேட்டுக்கொண்டே ஸ்குரூ முறுக்கினாள்.

"எனக்குத் தெரியாத எதையாவது சொல்லு."

"மாமாவே ஒத்துக்கிட்டார் அத்தை. இனி என்ன?"

"அவன் கூத்தாடி. அவன் சொல்லி எனக்கு என்ன ஆகணும்? எங்கண்ணன் வாயால வரணும். எழுதினாலும் சரி. ஒரு வரி."

"வராது அத்தை."

"வராதுன்னு எனக்கும் தெரியும்" என்றாள். கை முறுக்கிக்கொண்டே இருந்தது. "ஆனா வரணும்."

அவளிடம் தங்கினேன். எங்கேயும் நிலையாக உட்கார முடியாத எனக்கு, அந்தக் கடையில் பேட்டரி மாட்டுகிற வேலை சில மாதம் பிடித்திருந்தது. ஒரு மத்தியானம் பெண்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது அத்தையின் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தவள் அப்படியே நின்றாள். என்னைக் கூப்பிடவில்லை, போனை மட்டும் என் பக்கம் திருப்பினாள். அம்மா கேட்டாள் என்று நான்தான் அத்தையின் எண்ணை முன்னொரு நாள் கொடுத்திருந்தேன்.

ஒரு பேனலின் படம். கீழே அப்பா எழுதியிருந்தார்:

"புது ஓவன். காலையில நல்லா காட்டுச்சு. இப்ப சாமான் கருகி வருது, ரீடிங் மட்டும் சரியா இருக்கு. அதே மாதிரி வெளிநாட்டு ஒயர். ரெண்டு பக்கமும் மாத்திப் போட்டுத்தான் ரீடிங் நேரா வந்துச்சு. என்ன பண்ணனும், உடனே சொல்லு. கஸ்டமர் நிக்கறான்."

நலமா என்று இல்லை. தங்கச்சி என்றுகூட இல்லை. ஆனால் 'ரெண்டு பக்கமும் மாத்திப் போட்டு' என்று அவர் கையால், அவரே எழுதியிருந்தார்.

"பதில் போடாத அத்தை" என்றேன். "முதல்ல அன்னிக்கு நடந்ததை எழுதித் தரட்டும். அப்புறம் சொல்லு. இப்ப பிடி உன் கையில."

அவள் என்னைப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்தாள், அதை நான் பார்த்தேன். கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது. பெண்களில் ஒருத்தி, "யாரு அக்கா?" என்றாள்.

"ஒரு கஸ்டமர்" என்று சொல்லிவிட்டு வேகமாக எழுதினாள்:

"அணை. கதவைத் திறக்காதே. யாரும் பக்கத்துல நிக்க வேணாம். நல்லா ஆறின பிறகு ரெண்டு முனையையும் கழட்டு. சிவப்பு மைனஸ். ரெண்டு முனையிலயும் சிவப்பு மைனஸ்."

உடனே பார்த்துவிட்டார் என்று தெரிந்தது. "ஓகே" என்று வந்தது. அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் அத்தை சாப்பிடவில்லை. யாரையும் திட்டவும் இல்லை. பெண்கள் அதைக் கண்டுதான் பயந்தார்கள். சாயங்காலம் கடையைச் சாத்துகிற நேரத்தில் இன்னொன்று வந்தது. "சரியாயிடுச்சு. ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகலை."

அத்தை நாற்காலியில் உட்கார்ந்தாள். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். "அன்னிக்கும் இதேதான் அண்ணா நடந்தது. இப்பவாவது சொல்லு."

அவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதினார். மறுபடி நின்றது. பெண்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்கள், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு வந்தது.

"பழசெல்லாம் எதுக்கு இப்ப. இந்தத் தடவை கவனமா சொன்னே, நல்லது. அன்னிக்கும் இப்படிக் கவனமா இருந்திருந்தா அந்தக் கொக்கிக்குக் கை இருந்திருக்கும்."